சுமதிக்கு, லுவா விஷயமா

அடியே சுமதி,

உன் வாய்ஸ் நோட் வந்துச்சு. பாதிக்கு மேல உங்க வீட்டு குக்கர் விசில் தான் கேட்டுச்சு, இருந்தாலும் விஷயம் புரிஞ்சுது. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவல, நிகிலுக்கு பல்லுக்கு கம்பி போட்டாச்சு, கோமதி மறுபடியும் வேலைய விட்டுட்டாளாம், அத இப்ப ஆரம்பிச்சா முடியாது. போன்ல பேசினா நீ தான் பேசுவ, அதான் டைப் பண்றேன்.

ஜூன்ல ஹவாய்ல ஓவாஹு தீவுக்குப் போறீங்க, ஆறு பேரு, அங்க சாயங்காலம் விருந்தும் ஆட்டமும் சேந்து நடக்குமே லுவா, அதுக்கு டிக்கெட் போடறதா வேணாமா, அதானே? ரமேஷ் "ஹவாய் வரைக்கும் போயிட்டு லுவா பாக்காம வர்றதா"ங்கறாரு, நீ "1,000 டாலரா"ன்னு வாயப் பொளக்கற. பொளக்க வேண்டியது தான். பெரியவங்களுக்கு தலைக்கு 150 டாலர்ல ஆரம்பிச்சு 200 வரைக்கும் சாதாரணமா போகுது, மேடைக்கு பக்கத்துல உக்காரணும்னா அதுக்கும் மேல, வரி தனி, டிப்ஸ் தனி. உள்ள போறப்ப கழுத்துல மாலையப் போட்டு போட்டோ எடுத்து, அந்த போட்டோவயே வெளில வர்றப்ப உன்கிட்ட விப்பாங்க, அதுவும் தனி.

மொதல்ல சாப்பாட்டுக் கதைய முடிச்சிடறேன், ஏன்னா உங்க வீட்ல சண்டையே அங்க தான் வரும். லுவால முக்கியமானதே பன்னி தான்டி. தரைல குழி வெட்டி, கியாவே கட்டைய எரிச்சு கல்ல நல்லா காய வெச்சு, அதுமேல வாழத்தண்டும் இலையும் பரப்பி முழுப் பன்னிய எறக்கி மண்ணப் போட்டு மூடிடுவாங்க, மணிக்கணக்கா உள்ளயே வேகும். அந்தக் குழிக்கு இமுன்னு பேரு. சாயங்காலம் சங்கு ஊதி எல்லாரையும் சுத்தி நிக்க வெச்சு அதத் தொறக்கறது தான் பல எடத்துல முதல் ஐட்டமே. முட்டை போட்ட கேக்குன்னா அந்த ரூமுக்குள்ளயே வராத உன் மாமியாருக்கு இது எப்படி இருக்கும்னு நீயே நெனச்சுக்கோ. அந்த நேரத்துக்கு அவங்கள கடல் பக்கமா ஒரு நடை கூட்டிட்டுப் போயிடு.

சைவத்துக்கு என்ன இருக்கும்னா சோறு, இலை தழை சாலட், ஊதா கலர் சக்கரவள்ளி, அன்னாசி, அப்புறம் ஹவுபியான்னு தேங்காப்பால்ல பண்ணின ஒரு துண்டு, அது மட்டும் பிரமாதம், அத்தைக்கு கண்டிப்பா பிடிக்கும். நாங்க போன எடத்துல புக் பண்றப்பவே சைவம்னு சொல்லியும் பஃபேல எல்லாத்துக்கும் ஒரே கரண்டி தான் சுத்திச்சு, கேட்டா சிரிச்சாங்க. அதனால மாமியார் மாமனாருக்கு ரூம்லயே தயிர்சாதம் குடுத்து கூட்டிட்டுப் போ. 200 டாலர் குடுத்துட்டு தயிர்சாதமான்னு ரமேஷ் கேப்பாரு, கேக்கட்டும்.

ஆனா "போயி"ன்னு ஒரு ஐட்டம் வெப்பாங்க, அத மட்டும் எல்லாரும் ஒரு வாய் சாப்டணும். அது நம்ம சேப்பங்கிழங்கு தான், வேக வெச்சு இடிச்சு தண்ணி விட்டுப் பெசஞ்சு கூழு மாதிரி, ஊதாவும் சாம்பலும் கலந்த ஒரு கலரு, ஒரு நாள் வெச்சிருந்தா லேசா புளிச்சிடும். பக்கத்து டேபிள்ல எல்லாரும் மூஞ்சிய சுளிச்சுக்கிட்டு தள்ளி வெச்சிட்டாங்க, நான் தான் ரெண்டு கிண்ணம் காலி பண்ணேன். அவங்க கதைல சேப்பஞ்செடி தான் மனுஷங்களுக்கு அண்ணன். ஹாலோவான்னு மொதல்ல ஒரு குழந்தை உசிரில்லாம பொறந்து, அதப் பொதச்ச எடத்துல இந்தச் செடி மொளச்சுதாம், அடுத்துப் பொறந்த தம்பிக்கும் அதே பேர வெச்சாங்களாம், அவன் வம்சம் தான் ஹவாய்க்காரங்க எல்லாரும். அதனால போயி கிண்ணம் தொறந்திருக்கற வரைக்கும் அங்க யாரும் சண்ட போடக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்களாம். உங்க வீட்டு டைனிங் டேபிள்ல ஒண்ணு நிரந்தரமா தொறந்து வெச்சிடு.

நேர விஷயம் ரொம்ப முக்கியம், இத யாரும் சொல்ல மாட்டாங்க. ஜூன்ல உங்க நியூஜெர்சிக்கும் ஹவாய்க்கும் 6 மணி நேரம் வித்தியாசம். லுவா சாயங்காலம் 5 மணிவாக்குல ஆரம்பிச்சு ராத்திரி 8, 8:30க்கு தான் முடியும், அதாவது உங்க உடம்புக்கு அது நடுராத்திரி தாண்டி 2:30 மணி. போய் எறங்கின அன்னிக்கோ மறுநாளோ போட்டீங்கன்னா உன் சின்னவன் நெருப்பு டான்ஸ் வர்றதுக்குள்ள உன் மடில தூங்கிடுவான், அவன் அதுக்காகத் தானே வர்றான். கடைசி ரெண்டு மூணு நாள்ல போடு.

இப்ப ஷோ. பெரும்பாலான எடத்துல அது ஹவாய் மட்டும் இல்ல, பசிபிக் கடல்ல இருக்கற பாலினீசியா தீவுங்க மொத்தத்தையும் ஒரே மேடைல எறக்கிடுவாங்க. படபடன்னு இடுப்ப ஆட்டற வேகமான ஆட்டம் தஹிதி, நூல்ல கட்டின உருண்டைய சுத்தறது நியூசிலாந்து மாவோரிங்களோடது, கடைசில வர்ற நெருப்புக் கத்தி சமோவா. அந்தக் கத்தில நெருப்ப வெச்சதே 1946ல ஃப்ரெடி லெடூலின்னு ஒரு சமோவாக்காரர், சான் பிரான்சிஸ்கோல வெச்சு. நடுவுல ஒருத்தர் மைக்க புடிச்சுக்கிட்டு "அலோஹா" சொல்லுங்க, சத்தம் பத்தல, இன்னொரு தடவன்னு உயிர எடுப்பாரு, நம்ம கல்சுரல்ஸ்ல ஹெச்ஓடி மைக் புடிச்ச மாதிரி.

அதுக்கு நடுவுல ஒரு அஞ்சு நிமிஷம் வந்துச்சுடி. அதுக்காகத் தான் இவ்ளோ நீளமா எழுதறேன். லைட்ட எல்லாம் கொறச்சாங்க, ஓரமா ஒரு வயசான அம்மா மண்டி போட்டு உக்காந்தாங்க, கைல ரெண்டு சுரைக்குடுக்கைய ஒண்ணுமேல ஒண்ணா ஒட்டின ஒரு தாளவாத்தியம், அத தரைல ஒரு தட்டு, விரலால பக்கத்துல ரெண்டு தட்டு, பாட்டு கூட இல்ல, ஓதற மாதிரி ஒரு குரல். அஞ்சாறு பொண்ணுங்க வந்து நின்னாங்க. முழங்கால மடக்கி நின்ன நிலைய பாத்து எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, நம்ம பரதநாட்டிய அரைமண்டிக்கு பக்கத்துல, காலு வெளில திரும்பல அவ்ளோ தான். மழைன்னா விரல் எல்லாம் நடுங்கிக்கிட்டே மேலேந்து கீழ வருது, கண்ணு கையோடயே போகுது. டீச்சர் நம்மள நாலு வருஷம் கத்தி கத்திச் சொன்னாங்களே, கை போற எடத்துக்கு கண்ணு போகணும்னு, அது அப்படியே. எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு, எதிர்ல மாய் தாய் குடிச்சிட்டிருந்த ஆளு எனக்கு டிஷ்யூ எடுத்துக் குடுத்தாரு.

வந்து ரெண்டு வாரமா இதையே தான் படிச்சிட்டிருந்தேன். காஹுமானுன்னு ஒரு ராணி, 1819ல ராஜா ஆம்பளைங்க பொம்பளைங்க ஒண்ணா உக்காந்து சாப்டக் கூடாதுங்கற தடைய ஒடச்சப்ப பின்னாடி நின்னவங்கள்ல அவங்க முக்கியமானவங்க. அதுவரைக்கும் பொம்பளைங்க பன்னிக்கறி, தேங்கா, வாழப்பழம் பல வகை தொடவே கூடாது. அதே ராணி கிறிஸ்தவத்துக்கு மாறினப்புறம் 1830ல பொது எடத்துல ஹூலா, அதான் நான் பாத்த அந்த ஹவாய் ஆட்டம், ஆடக் கூடாதுன்னு உத்தரவு போட்டாங்க. அப்புறம் கலாகௌவா ராஜா 1883ல தன்னோட முடிசூட்டு விழால எல்லார் முன்னாடியும் ஹூலா ஆட வெச்சாரு, நிகழ்ச்சி நிரல அச்சடிச்சவங்க மேல ஆபாசம்னு கேஸ் போட்டாங்க. பரதநாட்டியத்தோட பழைய வடிவம் சதிர என்னென்னமோ சொல்லி ஓரங்கட்டினாங்க இல்ல, அதே வசவு, வேற சமுத்திரத்துல. இப்ப ஹிலோல வருஷா வருஷம் அந்த ராஜா நினைவா மெர்ரி மோனார்க்னு ஹூலா விழாவே நடக்குது, உன் ஆராதனாகிட்ட சொல்லு, அரங்கேற்ற டென்ஷன்ல இருக்கற புள்ளைக்கு யூட்யூப்ல அத போட்டுக் காட்டு.

அதனால என் பேச்ச கேட்டா, சாப்பாட்டுக்கு காசு குடுக்காத, ஆட்டத்துக்கு குடு. மௌயி தீவுக்குப் போறதா இருந்தா ஓல்ட் லஹைனா லுவா சொல்லியிருப்பேன், அங்க ஹவாய் ஆட்டம் மட்டும் தான், நெருப்பு வித்தை கெடையாது, 2023 தீ விபத்துக்கு அப்புறம் 2024ல மறுபடி தொறந்துட்டாங்க. ஓவாஹுலன்னா லாயியேல பாலினீசியன் கல்ச்சுரல் சென்டர், 1963லேந்து இருக்கு, சர்ச்சு நடத்தறது, சொட்டு சாராயம் கெடையாது, ஞாயித்துக்கெழம லீவு. ரமேஷுக்கு மொகம் தொங்கிடும், ஆனா மாமனாரோட போறதுக்கு அதவிட நிம்மதியான எடம் இல்ல. சமோவா, ஃபிஜி, டோங்கான்னு தனித்தனி கிராமம் மாதிரி வெச்சிருக்காங்க, லுவா இல்லாம அத மட்டும் பாக்கவும் டிக்கெட் உண்டு. வைகிகில கூஹியோ பீச்சுல சில சாயங்காலம் ஓசிலயே ஹூலா ஆடறாங்க, புல்லுல பாய விரிச்சு உக்காந்துக்கலாம். மிச்சக் காசுல காவாய் தீவுக்கு ஒரு நாள் போயிட்டு வந்தா அங்க இறைவன் கோயில் இருக்கு, கல்லெல்லாம் பெங்களூர் பக்கத்துல கையாலயே செதுக்கி கப்பல்ல கொண்டு போனது, 2023ல தான் கும்பாபிஷேகம். அத்தைக்கு அதுக்கு மேல என்ன வேணும்? முன்னாடியே பதிவு பண்ணிட்டுப் போ.

நீயும் ஆராதனாவும் மட்டும் லுவா போங்க, மத்தவங்க பீச்சுல இருக்கட்டும்னு தான் மொதல்ல எழுதலாம்னு இருந்தேன். அப்புறம் ஒண்ணு தோணுச்சு. மாமாவுக்கு பைபாஸ் ஆனப்புறம் இது தானே முதல் பெரிய டிரிப்? எல்லாரும் ஒரே டேபிள்ல உக்காரணும்னு ரமேஷ் புடிவாதம் புடிக்கறது பன்னிக்காகவோ நெருப்புக்காகவோ இருக்காதுடி. அவர்கிட்ட கணக்கு போட்டுக் காட்டறதுக்கு முன்னாடி சும்மா ஒரு தடவ கேட்டுப் பாரு, உனக்கு என்ன வேணும்னு. அப்பா பக்கத்துல உக்காரணும்னு சொன்னாருன்னா 1,000 டாலர பத்தி வாயத் தொறக்காம போடு, ஓரமா வழிவிட்ட சீட்டா பாத்து போடு, மாமா நடுவுல எழுந்து போகணும்னா கஷ்டமா இருக்கக் கூடாது.

ஒண்ணே ஒண்ணு, ஏதாவது விசேஷமான்னு புக்கிங் ஃபார்ம்ல கேப்பாங்க. உங்க கல்யாண நாள் அந்த வாரம் தானே வருது, அத எழுதிடாத, கல்யாண ஜோடிய எல்லாம் மேடைக்குக் கூப்ட்டு ஆட விடுவாங்க, மாமனார் மாமியார் முன்னாடி நீயும் ரமேஷும் இடுப்ப வளச்சுக்கிட்டு... இல்ல இல்ல, எழுது. ஆராதனாவ வீடியோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லு.

உன்,
வித்யா