க்ளீவ்லாண்ட் பிரவுன்ஸ் நிர்வாகத்திற்கு: உத்தரவாதத் தொகையின்மேல் பழியைப் போடாதீர்கள்

மதிப்பிற்குரிய உரிமையாளர்கள் ஜிம்மி ஹாஸ்லம், டீ ஹாஸ்லம், பொது மேலாளர் ஆண்ட்ரூ பெரி ஆகியோருக்கு,

வணக்கம். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் டெஷான் வாட்சனோடு 2022 மார்ச்சில் நீங்கள் செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டு 2026. அது முடிந்ததும், அல்லது முடிவதற்கு முன்பே, அடுத்த குவாட்டர்பேக் ஒருவரோடு நீங்கள் பேச்சுக்கு உட்காருவீர்கள். பழைய ஒப்பந்தத்திலிருந்து எந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு உட்காரப் போகிறீர்கள் என்பதைப் பற்றியே இந்த மடல். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் ஆட்டங்களைத் தமிழில் பேசிக்கொள்ளும் சிறு வட்டத்தினரும் இதைப் படிப்பார்கள் என்பதால், உங்களுக்கு நன்கு தெரிந்த சில ஏற்பாடுகளையும் விளக்கிக்கொண்டே போகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

23 கோடி டாலர், முழுவதும் உத்தரவாதம். இந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். ஆட்டக்காரருக்கு அடிபட்டாலும், ஆட்டம் மங்கினாலும், அணி அவரை நீக்கினாலும் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அதன் பொருள். இந்த லீகில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் அப்படிப்பட்டவை அல்ல. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டிருக்கும் தொகை பெரும்பாலும் அணியின் விருப்பத்தைப் பொறுத்ததே. ஆகவே உங்கள் ஒப்பந்தம் வெளியானபோது மற்ற உரிமையாளர்கள் கலங்கினார்கள். பால்டிமோர் ரேவன்ஸ் உரிமையாளர் ஸ்டீவ் பிஷாட்டி முழுத் தொகைக்கும் உத்தரவாதம் தராமல் இருந்திருக்கலாமே என்று அந்த மாதமே வெளிப்படையாக வருந்தினார். அவருடைய குவாட்டர்பேக் லமார் ஜாக்சன் அதேபோன்ற முழு உத்தரவாதத்தைக் கேட்டு, 2023 ஏப்ரலில் 26 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 18.5 கோடிக்கு மட்டும் உத்தரவாதம் பெற்றுக் கையெழுத்திட்டார். உத்தரவாதங்களைக் குறைக்குமாறு லீகின் நிர்வாகக் குழு அணிகளை ஊக்குவித்தது என்றும், ஆனால் அணிகள் அதற்கு உடன்பட்டுக் கூட்டுச் சேர்ந்ததற்குப் போதிய சான்று இல்லை என்றும் சமரசத் தீர்ப்பாளர் ஒருவர் 2025 ஜனவரியில் அளித்த தீர்ப்பு, அந்த ஜூனில்தான் வெளியே வந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, தவறு உத்தரவாதத்தில் இருந்தது என்ற முடிவுக்கு நீங்களும் வருவது எளிது. அது தவறான முடிவு என்பது என் வாதம். மின்னசோட்டா வைக்கிங்ஸ் 2018-இல் கர்க் கசின்ஸுக்கு மூன்று ஆண்டுகளுக்கு 8.4 கோடி டாலரை முழு உத்தரவாதத்துடன் தந்தது. அவர் கோப்பை வாங்கித் தரவில்லை, ஆனால் அந்த அணியை அது முடக்கவும் இல்லை. உங்களை முடக்கியது உத்தரவாதம் என்ற ஒற்றை விதி அன்று. ஒன்றோடொன்று சேரக் கூடாத நான்கு அபாயங்களை நீங்கள் ஒரே மனிதர்மேல் ஏற்றினீர்கள்.

முதலாவது அபாயம் அந்த மனிதரைப் பற்றியது. வாட்சன் 2021 பருவம் முழுவதும் ஆடவில்லை. 20-க்கும் மேற்பட்ட பெண்கள் அவர்மேல் பாலியல் அத்துமீறல் குற்றஞ்சாட்டிச் சிவில் வழக்குகள் தொடுத்திருந்தனர். அவர் மறுத்தார், டெக்சாஸில் இரண்டு பெருநடுவர் குழுக்கள் (கிராண்ட் ஜூரி) குற்றவியல் வழக்குக்கு இடமில்லை என்றன. அத்துடன் எல்லாம் தீர்ந்துவிட்டதாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் போலும். ஆனால் லீகின் நடத்தை விதிகள் குற்றவியல் நீதிமன்றத்தின் அளவுகோலைப் பின்பற்றுவதில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி சூ ராபின்சன் விதிமீறல் நடந்ததாகத் தீர்மானித்து ஆறு ஆட்டத் தடை விதித்தார். மேல்முறையீட்டுக் கட்டத்தில் ஏற்பட்ட உடன்பாட்டால் அது 11 ஆட்டத் தடையாகவும் 50 லட்சம் டாலர் அபராதமாகவும் உயர்ந்தது. தடை வரக்கூடும் என்பதை நீங்கள் அறிந்தே இருந்தீர்கள் என்பதற்கு ஒப்பந்தமே சாட்சி. ஆண்டுக்கு 4.6 கோடி டாலர் என்று அமைந்த அந்த ஒப்பந்தத்தில், முதல் ஆண்டில் மட்டும் அடிப்படைச் சம்பளம் 10.35 லட்சம் டாலராகக் குறைக்கப்பட்டு, மீதி போனஸாகக் கொடுக்கப்பட்டது. தடைக்காலத்தில் பிடிக்கப்படுவது அடிப்படைச் சம்பளம்தான். எனவே அவர் சம்பளத்தில் இழந்தது சுமார் 6.3 லட்சம் டாலர். முழுத் தொகையும் சம்பளமாக இருந்திருந்தால் ஏறக்குறைய 2.8 கோடி டாலர் போயிருக்கும். முதலாண்டுச் சம்பளத்தைத் தாழ்த்துவது உங்கள் அணியில் வழக்கம்தான் என்ற விளக்கத்தை நான் அறிவேன். அப்படியே இருக்கட்டும். ஆட்டக்காரருக்கு வரக்கூடிய இழப்பை இவ்வளவு நுணுக்கமாகத் தடுத்த அந்த எழுத்து, அணிக்கு வரக்கூடிய இழப்பைத் தடுக்க ஒரு விதியைக்கூடச் செய்யவில்லை என்பதே என் குறை. முழு உத்தரவாதம் கொடுக்கும்போது, ஒப்பந்தத்திற்கு முந்தைய நடத்தைக்காகத் தடை வந்தால் அந்த ஆண்டின் போனஸில் ஒரு பங்கு திரும்ப வர வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவர் அட்லாண்டாவுக்கோ நியூ ஆர்லியன்ஸுக்கோ போயிருப்பார் என்று சொல்வீர்கள். போகட்டுமே!

700 நாள் இடைவெளிக்குப் பிறகு, 2022 டிசம்பர் 4 அன்று, தம் பழைய அணியான டெக்சன்ஸுக்கு எதிராக ஹூஸ்டனில் அவர் திரும்ப வந்து ஆடினார். அவ்வளவு நீண்ட இடைவெளிக்குப் பின் எந்த குவாட்டர்பேக்கும் பழைய நிலைக்கு வருவார் என்று எதிர்பார்ப்பது கணிப்பு ஆகாது, நம்பிக்கை மட்டுமே. அந்தப் பருவத்தில் ஆறு ஆட்டங்கள். அடுத்த பருவத்தில் தோள் எலும்பு முறிவு, ஆறு ஆட்டங்கள். 2024 அக்டோபரில் குதிகால் தசைநாண் அறுந்தது, ஏழு ஆட்டங்கள். அந்தத் தசைநாண் 2025 ஜனவரியில் மீண்டும் அறுந்ததாக அறிவித்தீர்கள். மூன்று பருவங்களில் 19 ஆட்டங்கள். காயங்களை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது உண்மை. காயம் வந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள முடியும்.

இரண்டாவது அபாயத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரியதாகக் கருதுகிறேன்: 2022, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளின் டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றுத் தேர்வுகளையும் வேறு சில தேர்வுகளையும் டெக்சன்ஸுக்குக் கொடுத்தீர்கள். முதல் சுற்றில் வரும் இளைஞரின் சம்பளம் நான்கு ஆண்டுகளுக்குக் ஆட்டக்காரர் சங்கத்தோடு லீக் செய்த கூட்டுப் பேர ஒப்பந்தப்படி கட்டுக்குள் இருக்கும். ஐந்தாம் ஆண்டுக்கு அவரை வைத்துக்கொள்ளும் உரிமையும் அணிக்கு உண்டு. விலை உயர்ந்த ஒரு நட்சத்திரத்தைச் சுமக்கும் அணிக்கு இத்தகைய மலிவான, தேர்ந்த இளைஞர்கள் மற்ற அணிகளைவிட அதிகமாகத் தேவை. ஓர் அணி ஓர் ஆண்டில் சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு எல்லாருக்கும் ஒன்றே. 2022-இல் அது 20.82 கோடி டாலர். ஒருவருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுக்க முடிவு செய்த அதே நாளில், மீதியைச் சமாளிக்க உதவும் கருவியையும் கைவிட்டீர்கள். கொடுத்த தேர்வுகளுள் ஒன்றான 2023-ஆம் ஆண்டின் 12-ஆவது இடத்தையும் சேர்த்துக் கொடுத்துத்தான் டெக்சன்ஸ் மூன்றாம் இடத்துக்கு ஏறி வில் ஆண்டர்சனைத் தேர்ந்தெடுத்தது. அவர் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தடுப்பாட்டக்காரர் ஆனார். 2024 ஜனவரியில், ஜோ ஃபிளாக்கோ என்ற மூத்த குவாட்டர்பேக்கின் புண்ணியத்தில் பிளேஆஃப் (பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றுச் சுற்று) வரை வந்திருந்த உங்களை 45-14 என்று வீழ்த்தியதும் அதே டெக்சன்ஸ்.

மூன்றாவது அபாயத்தை நீங்களே ஆண்டுதோறும் வளர்த்தீர்கள். ஒப்பந்த போனஸை ஆட்டக்காரரிடம் ஒரே தவணையில் கொடுத்துவிட்டு, உச்சவரம்புக் கணக்கில் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்து எழுத விதி இடம் தருகிறது. சீட்டின் முதல் தவணையிலேயே பணத்தை எடுத்துக்கொண்டு மீதி மாதங்கள் கட்டிக்கொண்டிருப்பதைப் போன்றது இது. வாட்சனின் 2023, 2024, 2025 சம்பளங்களின் பெரும்பகுதியை நீங்கள் இப்படி போனஸாக மாற்றி, பெயரளவுக்கு மட்டும் உள்ள ஆண்டுகளையும் ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்த்து, சுமையைத் தள்ளிப் போட்டீர்கள். 2025 மார்ச்சில் கடைசியாக மாற்றியபோது 2026-ஆம் ஆண்டுக் கணக்கில் அவர் பேரில் 8 கோடி டாலரை ஒட்டிய தொகை ஏறி நின்றது. தள்ளிப்போடுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் இதே முறையை உங்களைவிடத் துணிச்சலாகக் கையாண்டு 2025 பிப்ரவரியில் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றது. ஆனால் அவர்கள் பணத்தைத் தள்ளிப்போட்டபோது டிராஃப்ட் தேர்வுகளையும் வைத்திருந்தார்கள். கார்சன் வென்ட்ஸுக்கு 2019-இல் பெரிய ஒப்பந்தம் தந்த மறு ஆண்டே இரண்டாம் சுற்றில் ஜேலன் ஹர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று அது வீண் செலவென்று பலர் சிரித்தார்கள்.

நான்காவது, கையில் இருந்த மாற்று குவாட்டர்பேக்கைக் கைவிட்டது. பேக்கர் மேஃபீல்டை 2018 டிராஃப்டின் முதல் ஆளாக எடுத்தவர்கள் நீங்கள். அவர் தலைமையில் 2021 ஜனவரியில் பிட்ஸ்பர்க் மண்ணிலேயே ஸ்டீலர்ஸை பிளேஆஃபில் 48-37 என்று வென்றீர்கள். வாட்சனைத் தேடிப் போனதால் உறவு முறிந்து, அவரை 2022 ஜூலையில் நிபந்தனைக்குட்பட்ட ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்கு கரோலினாவுக்கு அனுப்பினீர்கள். அவர் தேறி, தம்பா பே அணியில் 2024-இல் 10 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். அவர் உங்களிடமே இருந்திருந்தால் அப்படித் தேறியிருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அதை உங்கள்மேல் குற்றமாக நான் வைக்கவில்லை. ஆனால் 1999-இல் அணி மீண்டும் உருவானது முதல் 40-க்கும் மேற்பட்ட குவாட்டர்பேக்குகளைத் தொடக்க ஆட்டக்காரர்களாக இறக்கிய ஓர் அணிக்கு, இரண்டாவது ஆளின் மதிப்பு தெரிந்திருக்க வேண்டும்.

இந்த முயற்சி குறி தவறிவிட்டது என்பதைத் திரு. ஹாஸ்லம் 2025 வசந்தத்தில் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். அது மதிக்கத் தக்கது. ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்க நீங்கள் தயங்கியதில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2025 மே மாதம் இரண்டாம் சுற்றின் முதல் தேர்வான கார்சன் ஷ்வெசிங்கருக்கு நீங்கள் முழு உத்தரவாதம் கொடுத்தீர்கள். இரண்டாம் சுற்று ஆட்டக்காரர் எவருக்கும் அந்த ஆண்டுக்கு முன் கிடைக்காதது அது. அங்கே நீங்கள் சரியாகச் செய்தீர்கள்: தொகை சிறிது, ஆட்டக்காரர் இளையவர், தோற்றாலும் அணி தாங்கும். அதே டிராஃப்டில் இரண்டாம் இடத்தை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்து, ஐந்தாம் இடத்தோடு 2026-ஆம் ஆண்டின் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கியதும் 2022-இல் செய்ததற்கு நேர் எதிரான, நல்ல செயல்.

ஆகவே நான் கேட்பது சில. வாட்சனின் கணக்கில் எஞ்சியிருக்கும் தொகையை மேலும் நகர்த்தாமல் விரைவில் ஏற்றுக்கொள்ளுங்கள். டென்வர் பிராங்கோஸ் ரஸ்ஸல் வில்சனை 2024 மார்ச்சில் நீக்கியபோது சுமார் 8.5 கோடி டாலரை இரண்டே ஆண்டுக் கணக்கில் ஏற்றுக்கொண்டது. அந்த வசந்தத்திலேயே போ நிக்ஸை டிராஃப்டில் எடுத்து, அதே பருவத்தில் பிளேஆஃபுக்கும் போனது. அடுத்து வரும் குவாட்டர்பேக்குக்கு உத்தரவாதம் கொடுக்க அஞ்சாதீர்கள். காயத்துக்கு அஞ்சி உத்தரவாதத்தை மறுத்தால், உடலைப் பணயம் வைத்து ஆடுகிறவர்மேல் முழு அபாயத்தையும் தள்ளுகிறீர்கள். நல்ல ஆட்டக்காரர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். உத்தரவாதம் தரும் ஆண்டில் முதல் சுற்றுத் தேர்வைத் தராதீர்கள். அவ்வளவுதான், இரண்டில் ஒன்று.

தடுப்பாட்டக்காரர் மைல்ஸ் காரெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 பிப்ரவரியில் வேறு அணிக்கு மாற்றக் கேட்டவரை, அடுத்த மாதமே ஆண்டுக்கு 4 கோடி டாலர் என்ற நீட்டிப்பால் நிறுத்திக்கொண்டீர்கள். அந்தப் பருவத்தில் அவர் 23 முறை எதிரணி குவாட்டர்பேக்கை வீழ்த்தி லீகின் சாதனையை முறியடித்தார். விலைக்கு மேல் உழைத்தவர் அவர். 30 வயதைத் தொட்டுவிட்ட ஒரு தடுப்பாட்டக்காரரின் கடைசி நல்ல ஆண்டுகள் உங்கள் கையில் இருக்கின்றன. உச்சவரம்பில் இடம் தேவைப்படும் ஒவ்வொரு மார்ச்சிலும் அவருடைய சம்பளத்தை போனஸாக மாற்றிப் பின்னால் தள்ளும் ஆசை உங்களுக்கு வரும். வாட்சன் ஒப்பந்தம் உண்டாக்கிய பள்ளத்தை அடைக்க அவருடைய ஒப்பந்தத்தில் கை வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிரவுன்ஸ் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒரு ரசிகர்