டவெட்டை 1996-லேயே கலைத்துவிட்டார்கள், ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் ஆன்மிகச் சுற்றுலாக் கட்டுரையில், ஸ்கந்தவேல் முருகன் கோயில் "இங்கிலாந்தின் டவெட் மாவட்டத்தில்" இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றே சொற்களில் இரண்டு தவறு. கோயில் இருப்பது இங்கிலாந்தில் அல்ல, பிரிட்டனுக்குள் அதை ஒட்டியுள்ள தனி நாடான வேல்ஸில், கார்மார்தன்ஷயர் மாவட்டத்தில். அந்த மாவட்டத்தில் குடியிருந்து கவுன்சில் வரி கட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

டவெட் கதை தங்களுக்குத் தெரியாததல்ல. 1974-ல் கார்மார்தன்ஷயர், பெம்புரூக்ஷயர், கார்டிகன்ஷயர் மூன்றையும் சேர்த்து அதை உண்டாக்கினார்கள். 1996 ஏப்ரல் 1 அன்று கலைத்தார்கள். கார்மார்தன்ஷயர் பழைய பெயரோடு திரும்பி வந்தது. கார்டிகன்ஷயர் இன்று கெரடிகியன். போலீஸ் வண்டியில் இன்னும் டவெட்-போவிஸ் என்றுதானே இருக்கிறது என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லக்கூடும். ஆமாம், போலீஸுக்கும் மன்னரின் பிரதிநிதி பதவிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் என் வீட்டுக் குப்பையை அள்ளுவது, பள்ளிக்கூடங்களை நடத்துவது, கோயிலுக்குப் போகும் ஒற்றையடிச் சாலையில் பள்ளம் விழுந்தால் மூட வேண்டியது எல்லாம் கார்மார்தன் ஊரில் டவி ஆற்றங்கரையில் இருக்கும் கவுன்சில். (மூடுகிறார்களா என்று கேட்காதீர்கள். அது வேறு கடிதம்.)

"லண்டனிலிருந்து ஒரு எட்டு போய் வரலாம்" என்றும் இருக்கிறது. நல்ல எட்டு! நெரிசல் இல்லாத நாளிலேயே காரில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்புறம் அந்தப் படம். நீங்கள் போட்டிருப்பது கனார்வன் கோட்டை. அது வடமேற்கே குவினெத் மாவட்டத்தில், கடலோரத்தில் இருக்கிறது. கார்மார்தன்ஷயரில் கோட்டைக்கா பஞ்சம்? கிட்வெல்லி இருக்கிறது, சுண்ணாம்புக்கல் பாறை உச்சியில் கரெக் கெனென் இருக்கிறது.

இது இன்று நேற்று வந்த வருத்தம் இல்லை. 2007-ல் இதே கோயிலின் ஷம்போ காளைக்குக் காசநோய்ப் பரிசோதனையில் தொற்று தெரிந்து, அதைக் கொல்ல உத்தரவானபோது, லண்டனில் பிரதமருக்கு மனு அனுப்பச் சொல்லி எழுதினீர்கள். உத்தரவு போட்டது வேல்ஸ் தலைநகர் கார்டிஃபில் இருக்கும் வேல்ஸ் அரசு. கால்நடை விவகாரம் அவர்கள் கையில். உங்கள் பேச்சைக் கேட்டு நானும் லண்டனுக்கே கடிதம் போட்டேன். காளை போய்விட்டது.

2020-ல் இன்னும் மோசம். அக்டோபர் 23 முதல் நவம்பர் 9 வரை வேல்ஸில் தனி ஊரடங்கு. அது தொடங்கியபோது லண்டனில் உணவகங்கள்கூடத் திறந்திருந்தன. "பிரிட்டனில் இனி தாராளமாகப் பயணம் செய்யலாம்" என்று நீங்கள் எழுதியதை நம்பி, பள்ளி விடுமுறைக்கு அக்கா குடும்பம் பிள்ளைகளோடு கிளம்பிவிட்டது. வேல்ஸ் எல்லையில் இருக்கும் செவர்ன் பாலத்துக்கு முன்பே போன் போட்டுத் திருப்பி அனுப்பினேன். அக்கா இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள், உங்களை அல்ல, என்னை.

பெரிய பத்திரிகை, எத்தனையோ வேலை இருக்கும். சரி, அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: வேல்ஸ், கார்மார்தன்ஷயர், லான்பும்சைன்ட் கிராமத்துக்கு அருகில். பின்னட்டை விளம்பரத்துக்குக் கீழே பொடி எழுத்தில் வேண்டாம், கட்டுரை வந்த அதே பக்கத்தில்.

இப்படிக்கு,
நீண்ட நாள் சந்தாதாரர்,
லாண்டைலோ, கார்மார்தன்ஷயர்