காவிரிக் கணக்கில் பிழை வரம்பையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய ஆற்றுப் படுகைகளின் நீர்க்கணக்கைச் செயற்கைக்கோள் மூலம் போடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை வரி விடாமல் படித்தேன். தமிழில் இந்த விஷயத்தை எழுத ஆள் கிடைப்பதே அபூர்வம். எழுதியவருக்கு நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில், இனி காவிரியில் யாரிடம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை மறைக்கவே முடியாது என்ற பொருளில் முடித்திருந்தார். பொதுப்பணித்துறையில் டெல்டாப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை.

கட்டுரை அதிகம் பேசிய கிரேஸ், 2002 மார்ச்சில் அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து அனுப்பியது. சுமார் 220 கி.மீ. இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்த இரட்டைச் செயற்கைக்கோள்கள். கீழே நிலத்தடியிலோ அணையிலோ தண்ணீர் கூடினால் அந்த இடத்தின் ஈர்ப்பு இம்மியளவு கூடும். முன்னால் போகும் கோள் முதலில் இழுபடும், இடைவெளி மாறும். மயிரிழைத் தடிமனில் பத்தில் ஒரு பங்கு மாறினால்கூடக் கண்டுபிடித்துவிடும். அதை வைத்து மாதாமாதம் எங்கே தண்ணீர் ஏறியது, எங்கே இறங்கியது என்று வரைபடம் போட்டார்கள். 2017-ல் அதன் ஆயுள் முடிந்தது. 2018 மே மாதம் அதன் வாரிசான கிரேஸ்-எஃப்ஓ போனது.

இதன் பெரிய சாதனை நம் நாட்டைப் பற்றியதுதான். ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதியில் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் போய்விட்டது என்று 2009-ல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்தது. டி.எம்.சி.யில் (நூறு கோடி கனஅடி ஒரு டி.எம்.சி.) சொன்னால் சுமார் 3,850. 93.47 டி.எம்.சி. கொள்ளும் மேட்டூர் அணையை 41 முறை நிரப்பிக் காலி செய்த அளவு. அந்த ஆண்டுகளில் மழை பெரிதாகப் பொய்க்கவும் இல்லை. மோட்டார் போட்டு இறைத்ததில் போன தண்ணீர். கிணறு கிணறாகப் போய்ப் பார்க்காமலே இதைச் சொல்ல முடிந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான்.

சரி, அதே ஆய்வு ஆண்டு இழப்பை எப்படிச் சொல்கிறது? 17.7 கன கி.மீ., கூடவோ குறையவோ 4.5. பிழை வரம்பைச் சொல்லும் இந்தப் பின்பகுதியைக் கட்டுரை விட்டுவிட்டது. 4.5 கன கி.மீ. என்பது சுமார் 159 டி.எம்.சி. மாநில எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் கர்நாடகம் ஆண்டு முழுவதற்கும் நமக்குத் தர வேண்டியதே 177.25 டி.எம்.சி.தான். நாலேகால் லட்சம் சதுர கி.மீ.க்கு மேல் பரந்த பகுதிக்கு அந்தப் பிழை பெரிதல்ல. காவிரிப் படுகையோ 81,155 சதுர கி.மீ. குறைந்தது ஒன்றரை லட்சம் சதுர கி.மீ.யாவது இருந்தால்தான் கிரேஸ் ஒரு படுகையைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும். அதற்குக் கீழே போனால் பக்கத்துப் படுகைகளின் தண்ணீர் கலந்துவிடும். நமக்கு வங்கக் கடலும் சேர்ந்து குழப்பும்.

தண்ணீரைப் படுகை முழுக்கப் பரப்பினால் வரும் உயரத்தில் சொன்னால், பெரிய படுகைகளிலேயே இதன் துல்லியம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். 2018 காவிரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் இருக்கிறது என்று 10 டி.எம்.சி.யைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நம் பங்கைக் குறைத்தது. அதைப் படுகை முழுக்கப் பரப்பினால் மூன்றரை மில்லிமீட்டர். 2023 ஆகஸ்ட் இறுதியில் இரு மாநிலங்களையும் கொதிக்க வைத்த உத்தரவு, விநாடிக்கு 5,000 கனஅடி வீதம் 15 நாள். அது ஆறரை டி.எம்.சி., பரப்பினால் இரண்டேகால் மில்லிமீட்டர். இந்த அளவு வித்தியாசத்துக்குக் கிரேஸைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் அரை மணி நேரத்தில் உடைத்துவிடுவார். நியாயமான வழக்கும் அதோடு சேர்ந்து பலவீனமாகும். என் கவலை அதுதான்.

மழைக் கணக்கிலும் இதே கதை. 2014 முதல் ஜிபிஎம் செயற்கைக்கோள் மழையை அளக்கிறது. சமவெளியில் நன்றாகவே அளக்கிறது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் காற்று மோதிப் பெய்யும், உயரம் குறைந்த மேகங்களின் மழையை வானத்திலிருந்து பார்க்கும்போது குறைத்து மதிப்பிடுவது தெரிந்த குறை. தென்மேற்குப் பருவத்தில் காவிரிக்குப் பெரும்பகுதித் தண்ணீர் வருவதே குடகு, வயநாடு போன்ற அந்த மலைப் பகுதிகளிலிருந்துதான்.

ஆற்றல் கணக்கைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. எனக்கு அதுதான் முக்கியம். படுகையில் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஆற்றுக்கு வருவதில்லை, ஆவியாகிப் போகிறது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகச் சுமார் 24.5 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். நடவு முடிந்த ஒரு ஏக்கர் வயலில் ஒரு நாளில் 5 மி.மீ. ஆவியானால் இருபதாயிரம் லிட்டர். அதற்கு வெயில் செலவழிக்கும் ஆற்றலை மின்சாரமாகக் கணக்கிட்டால் 13,700 யூனிட்டுக்கு மேல்! எவ்வளவு வெயில் விழுந்தது, அதில் எவ்வளவு நிலத்தையும் காற்றையும் சூடாக்கியது என்று தெரிந்தால், மீதி ஆவியாதலுக்குப் போனது. ஈர வயல் குளிர்ந்திருக்கும், காய்ந்த வயல் சுடும். வெப்பப் படம் எடுக்கும் கோள்களுக்கு அது தெரியும், வயல் அளவுக்கே தெரியும். காவிரிக்கு உண்மையில் பயன்படக்கூடியது இந்த முறைதான். இதிலும் மேகம் மறைக்கும் நாட்களில் படம் கிடைக்காது, இடைவெளியை மதிப்பீட்டால் நிரப்ப வேண்டும். வெப்பமண்டலத்தின் நீரையும் ஆற்றலையும் சேர்த்துப் பார்க்கவே 2011-ல் இந்தியாவும் பிரான்சும் மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளை அனுப்பின. மழை பார்க்கும் அதன் 'மெட்ராஸ்' கருவி 2013-லேயே நின்றுபோனது பெரிய இழப்பு. 2023 மார்ச்சில் கோளையே பசிபிக் கடலுக்கு மேல் இறக்கி அழித்துவிட்டார்கள்.

இன்னொன்று. வானத்து மழைக்கணக்கைத் தரையிலுள்ள மழைமானி அளவுகளை வைத்துத்தான் திருத்துகிறார்கள். காலை 8.30 மணிக்குப் புனலைத் தூக்கி, உள்ளே சேர்ந்ததை அளவுக் குடுவையில் ஊற்றி, நீரின் அடிவளைவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படிக்க வேண்டும். புனலில் வேப்பிலை அடைத்திருந்தால் 40 மி.மீ. பெய்த இரவும் 12 என்று பதிவாகிவிடும். அந்த இலையை எடுத்துப்போட ஒரு ஆள் வேண்டும். அந்த வேலைக்கு ஆள் போடாமல் கோளை நம்புவது எப்படிச் சரியாகும்?

தங்களிடம் இரண்டு வேண்டுகோள். செயற்கைக்கோள் தரும் எண்ணை அச்சிடும்போதெல்லாம் அதன் பிழை வரம்பையும் பக்கத்திலேயே போடுங்கள். அப்புறம், மேட்டூர் நீர்மட்டம் தினமும் செய்தியில் வருகிறது. டெல்டாவின் கண்காணிப்புக் கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்பது வருவதில்லை. 10 டி.எம்.சி.யை இழந்தது அந்தக் கிணறுகளின் பெயரால்தான். அந்த அளவுகளை வட்டாரவாரியாக மாதாமாதம் வெளியிட நீங்கள் முயல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை ஊழியர்,
மன்னார்குடி