ஐந்து கிலோமீட்டருக்குக் கார் எதற்கு? சைக்கிளுக்கு வழிவிடக் கோரி ஒரு மனு

அனுப்புநர்:
பதினோரு ஆண்டுகளாகச் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் ஒருவரும், கீழே கையெழுத்திட்டிருக்கும் மற்றவர்களும்

பெறுநர்:
போக்குவரத்துத் துறைச் செயலர் அவர்கள்

பொருள்: அன்றாடக் குறுந்தூரப் பயணங்களுக்குக் காரின் இடத்தில் சைக்கிள் வர ஏற்றபடி சாலைகளை மாற்றித் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு என்றால் ‘மேற்கண்ட பொருள் தொடர்பாக’ என்று தொடங்கி ‘ஆவன செய்யுமாறு’ என்று முடிக்க வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த நடை வராது, இரண்டு முறை முயன்றுவிட்டுக் கிழித்துப் போட்டேன். பேசுவது போலவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கார்களை எல்லாம் ஒழித்துக்கட்டுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தவரைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து யாரும் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக முடியாது, நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்குக் குடும்பத்தோடு மிதித்துக்கொண்டு போகவும் முடியாது. நான் பேசுவது அன்றாடம் போய்வருவதைப் பற்றி மட்டும்தான். வேலைக்கு, பள்ளிக்கு, மருந்துக் கடைக்கு, ரயில் நிலையத்துக்கு என்று நாம் அலைவதில் எத்தனையோ பயணங்கள் ஐந்து கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. அந்த வேலையைக் காரிடமிருந்து வாங்கிச் சைக்கிளிடம் கொடுக்க வேண்டும் என்கிறேன். அதற்காக மக்களிடம் புத்தி சொல்லிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை, சாலை மாறினால் அவர்களே மாறுவார்கள். சாலை உங்கள் கையில் இருக்கிறது, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கணக்கைப் பாருங்கள். அவசரமே படாமல் மிதித்தால்கூட மணிக்கு 15 கிலோமீட்டர் வரும், ஐந்து கிலோமீட்டருக்கு 20 நிமிடம். காலை நெரிசலில் அதே தூரத்துக்குக் கார் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று உங்கள் ஓட்டுநரையே கேளுங்கள், அப்புறம் நிறுத்த இடம் தேடிச் சுற்றும் நேரத்தையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். 70 கிலோ எடையுள்ள ஒரு ஆளை நகர்த்த ஆயிரத்துச் சொச்சம் கிலோ இரும்பையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறோம், சைக்கிள் அதை 15 கிலோவில் முடித்துவிடுகிறது. சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் கார்களின் கண்ணாடி வழியாகப் பார்ப்பது என் வழக்கம். ஐந்து பேர் உட்காரும் வண்டியில் பெரும்பாலும் ஒரே ஒரு தலைதான் தெரியும், அந்தத் தலையும் சலித்துப்போய்த்தான் இருக்கும்.

ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். அதே இடத்தில் பத்து சைக்கிள் நிற்கும். தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறவரின் கார்கூட மீதி 22 மணி நேரம் எங்கோ சும்மா நிற்கிறது, பல இடங்களில் எல்லோருக்கும் பொதுவான சாலையின் ஓரத்தில், இலவசமாக. என் வீட்டு பீரோவைக் கொண்டுவந்து சாலையில் வைத்தால் அன்றைக்கே தூக்கிப்போய்விடுவீர்கள், காரை வைத்தால் கோடு போட்டுக் கொடுக்கிறீர்கள்.

சரி, இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லோரும் சைக்கிளில் போகவில்லை? சோம்பல் என்று சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயம்தான் காரணம், அந்தப் பயம் நியாயமானது.

போன மழைக்காலத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலை முடிந்து வரும் வழியில், பின்னால் வந்த பேருந்துக்கு ஒதுங்கலாம் என்று இடது ஓரத்துக்குத் திருப்பினேன். அங்கே மழைநீர் வடிய இரும்புக் கம்பி மூடி போட்டிருக்கிறார்கள். அதன் கம்பிகள் குறுக்கே இல்லாமல் வண்டி போகும் திசையிலேயே நீளவாக்கில் இருக்கின்றன. இரண்டு கம்பிகளுக்கு நடுவே என் முன் டயர், அளவெடுத்துச் செய்தது போல, அப்படியே இறங்கியது. வண்டி நின்றுவிட்டது, நான் நிற்கவில்லை. பேருந்து ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டதால் இந்த மனுவை எழுதுகிறேன். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டோடு மறுபடி அந்த இடத்துக்கு நடந்துபோய்க் குனிந்து பார்த்தேன். கம்பிகளுக்கு நடுவில் என் கட்டைவிரல் தாராளமாகப் போகிறது. காரின் டயர் ஒரு சாண் அகலம் இருப்பதால் அதற்கு அப்படி ஒரு இடைவெளி இருப்பதே தெரியாது. மூடியைப் பதித்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்குச் சாலை என்றாலே கார்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. இத்தனைக்கும் அது சதுர மூடி. தூக்கி, கால்வட்டம் திருப்பிப் போட்டால் கம்பிகள் குறுக்கே வந்துவிடும், யாரும் விழ மாட்டார்கள்.

அதே வழியில் சைக்கிளுக்கென்று ஒரு பாதையும் உண்டு. பச்சை வண்ணம் அடித்து, சைக்கிள் படமெல்லாம் அழகாக வரைந்திருக்கிறார்கள். நேராகப் போய் ஒரு மின்கம்பத்தின் அடியில் முடிகிறது. அதற்கு மேல் பறந்துதான் போக வேண்டும். கம்பம் வரைக்குமாவது போகலாம் என்றால் அதன்மேல் கார்களை நிறுத்தியிருக்கிறார்கள், அவற்றைச் சுற்றிக்கொண்டு நடுச் சாலைக்கு வந்தால் எந்த நேரத்தில் எந்தக் கதவு திறக்குமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பாதை போட்டோம், யாரும் பயன்படுத்தவில்லை என்று கோப்பில் எழுதியிருப்பார்கள். ஒரு கண்ணி அறுந்த செயினை மாட்டிக்கொண்டு எவ்வளவு மிதித்தாலும் வண்டி நகராது, மீதிக் கண்ணிகள் எல்லாம் புத்தம்புதிதாக இருந்தாலும் அப்படித்தான்.

இதைச் சரியாகச் செய்த ஊர்கள் இருக்கின்றன. ஸ்பெயினில் செவில் என்ற நகரம், கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அங்கே சைக்கிள் ஓட்டியவர்கள் சொற்பத்திலும் சொற்பம். 2006 வாக்கில் வேலையைத் தொடங்கி, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று போடாமல், கார்களிடமிருந்து தடுப்பு வைத்துப் பிரித்த பாதைகளை ஒன்றோடொன்று இணைத்துச் சுமார் 80 கிலோமீட்டருக்கு முதலில் போட்டார்கள். கார் நிறுத்தும் இடங்கள் ஆயிரக்கணக்கில் போயின, எதிர்ப்பும் வந்தது. சில ஆண்டுகளில் சைக்கிள் பயணம் பல மடங்கு கூடியது. அதே மக்கள், அதே வெயில்.

நெதர்லாந்து என்று சொன்னாலே, அவர்கள் பிறவியிலேயே சைக்கிள்காரர்கள், நமக்கும் அவர்களுக்கும் ஒத்துவராது என்று ஒரு பதில் தயாராக இருக்கும். அது பாதி உண்மை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கேயும் கார்தான் ராஜா. உட்ரெக்ட் நகரில் பழைய கால்வாயின் ஒரு பகுதியில் தண்ணீரை வற்றவைத்து அதன் மேல் கார் சாலை போட்டார்கள். 1971-இல் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்பதுதான் அவர்கள் இயக்கத்தின் பெயர், மென்று விழுங்கிப் பேசவில்லை. 1973-இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள், நெடுஞ்சாலையில் மக்கள் சைக்கிளில் போனார்கள். அதற்குப் பிறகு பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் விடாமல் சாலைகளை மாற்றிக்கொண்டே வந்தார்கள். இன்றைக்கு அங்கே நடக்கும் பயணங்களில் கால்வாசிக்கு மேல் சைக்கிளில். உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் கீழே 12,500 சைக்கிள்கள் நிறுத்த இடம் கட்டியிருக்கிறார்கள். கார் சாலையாக மாறிய அந்தக் கால்வாயில் 2020-இல் மறுபடி தண்ணீர் ஓடியது. இத்தனைக்கும் அங்கே கார்கள் ஒழிந்துவிடவில்லை, இன்றும் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. அதனால்தான் கார் வைத்திருப்பவர்கள் இந்த மனுவைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை என்கிறேன், சைக்கிளில் போகிறவர் ஒவ்வொருவரும் அவர்களுக்கு முன்னால் நிற்கும் ஒரு காரைக் குறைக்கிறார்.

மின்சாரக் கார் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். புகை போகும், நல்லதுதான். ஆனால் அதுவும் அதே இடத்தை அடைக்கும், அதே எடையோடு, சில நேரம் கூடுதல் எடையோடு வந்து மோதும். சாலையை அகலப்படுத்தினால் போதும் என்பவர்களுக்கு அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள கேட்டி நெடுஞ்சாலையைக் காட்டுங்கள். 2008-இல் பெரும் செலவில் அகலப்படுத்தி முடித்தார்கள், உலகத்திலேயே அகலமான சாலைகளில் ஒன்று. சில ஆண்டுகளுக்குள் காலையும் மாலையும் பழையபடி நெரிசல்.

இனி ஆட்சேபங்கள். வியர்க்கும், உண்மை. மழை பெய்யும், அதுவும் உண்மை. மேடு ஏற முடியாது, முட்டி வலிக்கும் என்பவர்களுக்கு மோட்டார் துணையோடு ஓடும் சைக்கிள் வந்துவிட்டது, நாம் மிதிக்க மிதிக்க அதுவும் கூடவே தள்ளும். ஐரோப்பாவில் 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்று அதற்கு வரம்பு வைத்து, லைசென்ஸ் இல்லாமலே ஓட்ட விடுகிறார்கள். குழந்தைகளையும் சாமான்களையும் ஏற்ற முன்னால் பெட்டி வைத்த வண்டிகளும் உண்டு. மிதிக்கவே முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் காரும் பேருந்தும் வேண்டும், மிதிக்க முடிந்தவர்கள் இறங்கிக்கொண்டால் அவர்களுக்கும் சாலை காலியாகக் கிடைக்கும்.

எனக்கு நிஜமாகவே கடினமாகத் தெரிவது கௌரவப் பிரச்சினை. ஒருமுறை ஓர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் போன காருக்குக் கேட்டை அகலத் திறந்து சல்யூட் அடித்த காவலாளி என்னை நிறுத்தி, “யாரைப் பார்க்கணும்? சைக்கிளை வெளியே போடுப்பா” என்றார். உள்ளே கார்களுக்குக் கூரை போட்ட நிறுத்துமிடம், என் வண்டிக்குப் பூட்ட ஒரு கம்பிகூடக் கிடையாது. வெளியே ஒரு மரத்தோடு சேர்த்துப் பூட்டிவிட்டு, கூட்டம் நடந்த ஒரு மணி நேரமும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் என்றால் கார் வாங்க முடியாதவருடையது என்ற எண்ணத்தை ஆணை போட்டு மாற்ற முடியாது, தெரியும். ஆனால் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்பதை ஆணை போட்டு மாற்றலாம்.

ஆகவே நாங்கள் கேட்பது இவைதான். குடியிருப்புகள், பள்ளிகள், அலுவலகங்கள், ரயில் நிலையம் ஆகியவற்றை இணைத்து, அறுபடாத சைக்கிள் பாதை வேண்டும். வண்ணம் போதாது, கார் ஏற முடியாதபடி உயரமான தடுப்பு வேண்டும். முக்கியமாகச் சந்திப்புகளில் பாதை காணாமல் போகக் கூடாது, ஏனென்றால் வண்டிகள் திரும்பும் அந்த இடத்தில்தான் ஆபத்தும் அதிகம். எல்லா இடத்திலும் ஒரே நாளில் வராது என்பது எங்களுக்கும் தெரியும், ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு அங்கே முழுசாக முடித்துக்காட்டுங்கள்.

குடியிருப்புத் தெருக்களில் வேக வரம்பை 30 ஆக்குங்கள். பாரிஸ் நகரம் 2021-இல் பெரும்பாலான தெருக்களுக்கு அதைச் செய்துவிட்டது. 50-க்கும் 30-க்கும் வெறும் 20 தானே வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் 50-இல் வரும் காரின் மோதும் ஆற்றல் 30-இல் வருவதைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள், 5 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் சாவதற்கு முதல் காரணமே இதுதான். பிள்ளைகளைச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்பப் பயந்து காரில் கொண்டுபோய் விடுகிறோம், அந்தக் கார்களைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் பயந்து அவரும் காரை எடுக்கிறார்.

சாலையோரம் கார் நிறுத்துவதற்கு வாடகை வாங்குங்கள், அந்தப் பணத்தை இந்தப் பாதைகளுக்கே போடுங்கள். எல்லா அரசு அலுவலகத்திலும், உங்கள் அலுவலகம் உட்பட, கூரையோடு சைக்கிள் நிறுத்துமிடமும் பூட்டக் கம்பியும் வேண்டும். அப்புறம், சாலைத் திட்டம் எதுவும் கையெழுத்தாவதற்கு முன்னால் அதை வரைந்த பொறியாளர் அந்த வழியை ஒருமுறை சைக்கிளில் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்று விதி போடுங்கள். சிரிக்காதீர்கள், அந்த மின்கம்பத்தை அவர் அன்றைக்கே பார்த்திருப்பார்.

இதற்கெல்லாம் நிதி, நிலம், கூட்டம், ஒப்பந்தம் என்று காலம் ஆகும், காத்திருக்கிறோம். ஆனால் கம்பி மூடிகளுக்கு எதுவும் வேண்டாம், இரண்டு ஆளும் ஒரு கடப்பாரையும் போதும். நான் போய்வரும் வழியில் நீளவாக்கில் கிடக்கும் மூடிகளை எண்ணினேன், 17 இருக்கின்றன. அதில் 14 சதுரம், திருப்பிப் போட்டாலே தீர்ந்தது. மீதி மூன்றும் நீள்சதுரம், குறுக்கே பட்டை வைத்துப் பற்றவைக்க வேண்டும். மற்றவற்றுக்கு எப்போது முடியுமோ அப்போது பதில் போடுங்கள், மூடிகளுக்கு மட்டும் அடுத்த மழைக்கு முன்னால் வேண்டும்.

இப்படிக்கு,
சைக்கிளில் போய்வருபவர்கள், போய்வர விரும்பியும் பயப்படுபவர்கள்

இணைப்பு: 17 மூடிகளின் இடம் குறித்த வரைபடம், 1 பக்கம்