ரேபின் ஓவியத்தில் கதவை வெட்டலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ரஷ்ய ஓவியர் இல்யா ரேபினின் 'எதிர்பார்க்கவில்லை' ஓவியம் பற்றிய கட்டுரை படித்தேன். அரசியல் தண்டனை முடிந்து ஒருவன் வீடு திரும்பும் மகிழ்ச்சியைச் சொல்லும் படம் என்கிறார் கட்டுரையாளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அந்த அறையில் மகிழ்ச்சி தெரிவது மேசையருகே இருக்கும் பையன் முகத்தில் மட்டும்தான். பக்கத்தில் சின்னப் பெண் தலையைத் தாழ்த்தி மிரண்டு பார்க்கிறாள். வீடு திரும்பியவன் தண்டனைக்குப் போனபோது கைக்குழந்தையாக இருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். பியானோ முன்னால் இருப்பவள் திரும்பிவிட்டாள், எழவில்லை. கறுப்பு உடையில் தாய் எழுந்துவிட்டாள், முதுகு நிமிரவில்லை. அவள் முகத்தை ரேபின் நமக்குக் காட்டவே இல்லை. வந்தவன் பழுப்பு அங்கியும் பெரிய பூட்ஸுமாக நிற்கிறான். 1884-இல் காட்சிக்கு வைத்த பிறகும் அவன் முகத்தை ரேபின் மாற்றி மாற்றி வரைந்தார். 1888 வரை விடவில்லை.

நான் வளர்ந்தது சேலம் அஸ்தம்பட்டியில், மத்திய சிறைக்கு அருகில். கைதிகளை மனு பார்க்க வந்து காத்திருக்கும் குடும்பங்களைப் பார்த்தபடிதான் பள்ளிக்கூடம் போவேன். 1950 பிப்ரவரி 11 அன்று 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டது அந்தச் சிறையில்தான். அவர்கள் வீடுகளில் இப்படி ஒரு கதவு திறக்கவே இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் பல வருஷம் கழித்து விடுதலையாகி வந்தார். அவர் மகள், என் வகுப்புத் தோழி, தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவள் ஆயாதான், "உள்ள வா கண்ணு, ஏன் வாசப்படியிலயே நிக்கற?" என்றார். அந்த 'வா' வந்த பிறகுதான் வீட்டில் அழுகையே கிளம்பியது. ரேபினின் அறையில் அந்தச் சொல் இன்னும் வரவில்லை.

நீங்கள் அச்சிட்ட படத்தில் இடது ஓரம் வெட்டப்பட்டிருக்கிறது. கதவு இருப்பது அங்கேதான். கைப்பிடியை விடாமல் பணிப்பெண் நிற்கிறாள். இவனை உள்ளே விட்டது சரிதானா என்ற சந்தேகம் அவள் பார்வையில். பின்னால் இன்னொரு முகம் எட்டிப் பார்க்கிறது. இவர்களை எடுத்துவிட்டால் அவன் அப்போதே வீட்டு மனிதன் ஆகிவிடுகிறான். கட்டுரையாளர் பார்த்ததும் இந்த வெட்டிய படம்தான் என்றால், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த இதழில் ஓவியத்தை முழுதாக, முடிந்தால் நடுப்பக்கத்தில், வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.