சமன் செய்யப்பட்ட விசைகள்: ஒரு திருத்தம் வேண்டி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், "சமன் செய்யப்பட்ட விசைகள் செயல்படும்போது பொருள் நகராது" என்று அண்மையில் அச்சாகியிருந்த வரியைப் படித்து மிகவும் வருந்தினேன். ஓய்வில் இருக்கும் பொருளுக்கு மட்டுமே அது பொருந்தும். ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கும் பொருளோ, அதன்மீது செயல்படும் எல்லா விசைகளும் சேர்ந்து தரும் தொகுபயன் விசை சுழியாக உள்ளவரை, அதே வேகத்தில் அதே நேர்க்கோட்டில் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். 1687இல் நியூட்டன் முதல் விதியாக வெளியிட்டது இதைத்தான் என்பதைத் தாங்கள் அறியாதவரல்லர்.

லாரித் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் வாழும் எங்கள் மாவட்டத்தில் இந்த வரி கூடுதலாகவே உறுத்துகிறது. தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி நேரான இறக்கத்தில் ஒரு சுமை லாரி சீரான வேகத்தில் இறங்குகிறதென்றால், அதைக் கீழ்நோக்கி இழுக்கும் புவியீர்ப்பின் கூறும், கீழ் கியரில் எஞ்சின் தரும் தடை, பிரேக், உராய்வு, காற்றின் எதிர்ப்பு ஆகியவற்றின் கூட்டும் சமமாக உள்ளன என்று பொருள். விசைகள் சமன், வண்டி ஓடுகிறது. டீசலை மிச்சம் பிடிக்க ஓட்டுநர் நியூட்ரலில் விட்டால் எஞ்சினின் தடை போய்விடும். பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுந்து, டிரம் சூடேறிப் பிடிமானம் குறைய, வண்டி முடுக்கம் பெறும். லாரி ஓட்டிய என் தம்பியுடன் அவ்விறக்கத்தில் சென்றபோது, முன்னால் போன வண்டியின் பின்சக்கரத்தில் புகை கிளம்பி, லைனிங் கருகும் நாற்றம் எங்கள் கேபினுக்குள் வந்தது. சமன் குலைவதன் பொருளை அன்று மூக்கால் அறிந்தேன்.

இதே பக்கத்தில் முன்பொரு முறை, வினையும் எதிர்வினையும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என்று விடை தரப்பட்டது. அவ்விரண்டும் வெவ்வேறு பொருள்கள்மீது செயல்படுபவை, ஆகவே ஒன்றையொன்று நீக்கா என்று அப்போதே எழுதினேன். கடிதம் கிடைத்தது என்ற ஒரு சொல்கூட வரவில்லை. அந்த விடையை நம்பித் தேர்வில் எழுதி மதிப்பெண் இழந்த என் மாணவி, பத்திரிகைத் துண்டைக் கத்தரித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அச்சில் வந்ததே தவறு என்று சொன்னபோது அவள் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்றும் வலிக்கிறது.

அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "சமன் செய்யப்பட்ட விசைகள் ஒரு பொருளின் ஓய்வு நிலையையோ சீரான நேர்க்கோட்டு இயக்கத்தையோ மாற்றுவதில்லை" என்ற ஒரே வரித் திருத்தத்தை வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
நல்லம்பள்ளி, தருமபுரி மாவட்டம்.