தானாக வரும் என்ற இழப்பீடு எங்கே?

மத்திய மின்துறை அமைச்சகத்தாருக்கு,

வணக்கம். கடலூர் முதுநகரில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள் நான். போன மாதம் ஒரு சாயங்காலம் திடீரென்று பல்பு மஞ்சளாக மங்கியது. உளுந்து பாதி அரைந்திருக்கும்போதே கிரைண்டர் கல் நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் உறுமியது. கையைத் துடைத்துக்கொண்டு சுவிட்சுக்கு ஓடுவதற்குள் கருகல் வாடை வந்துவிட்டது. காயில் போச்சு. ஊறிய அரிசி மறுநாள் நொளநொளவென்று ஆகி, அதைச் சாக்கடையில்தான் கொட்டினேன். லோ வோல்டேஜ் என்று அதற்கு முன்பே மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். "டிரான்ஸ்பார்மர் தாங்கலம்மா, மேலே எழுதியிருக்கோம்" என்பதுதான் மூன்று தடவையும் கிடைத்த பதில்.

2020 டிசம்பரில் மின் நுகர்வோர் உரிமை விதிகளை வெளியிட்டவர்கள் நீங்கள். வோல்டேஜ் புகாரைக் குறித்த காலத்துக்குள் தீர்க்காவிட்டால் இழப்பீடு தானாகவே வர வேண்டும் என்கிறது அந்த விதி. கூடவே, தொலைவிலிருந்து கண்காணிக்க முடிகிற குறைகளுக்கு மட்டும்தான் என்று ஒரு வரியும் இருக்கிறது. அந்த வரி வழியாகத்தான் எங்கள் பணம் ஒழுகிப் போகிறது. மின்சாரச் சந்தையில் 15 நிமிடத்துக்கு ஒரு விலை என்று நாளொன்றுக்கு 96 விலை கணக்கிடுகிறார்களே, ஒரு தெருவின் வோல்டேஜைக் கணக்கிட வழியில்லையா? நான் பில் கட்டத் தவறினால் மட்டும் பீஸைப் பிடுங்க ஆள் தேதி தவறாமல் வருகிறார்.

கேட்டால் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தைக் கை காட்டுகிறீர்கள், அங்கே போனால் உங்களைக் காட்டுகிறார்கள். மின்சாரம் மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் பொறுப்புள்ள பொதுப்பட்டியலில் இருப்பது எங்களைப் பந்தாடுவதற்கா? நெய்வேலி எங்கள் மாவட்டம்தான். அங்கிருக்கிற நிலக்கரிச் சுரங்கத்துக்கும் மின்நிலையத்துக்கும் நிலத்தைக் கொடுத்த ஊர்கள் இங்கே இருக்கின்றன, அந்த மின்சாரம் கேரளம், கர்நாடகம் வரை போகிறது. போகட்டும், அவர்களும் மனிதர்கள்தான். ஆனால் எங்கள் தெருவில் பொழுது சாய்ந்தால் ஃபேன்கூடச் சுற்றுவதில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். புகார் கொடுத்த தேதியை வைத்தே கணக்கிட்டு, மனு எதுவும் கேட்காமல், அடுத்த பில்லில் இழப்பீட்டைக் கழிக்க வேண்டும். எல்லா மாநில ஆணையங்களும் இதை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று விதியிலேயே எழுதுங்கள். மூன்று புகார்களின் நகலும் காயில் கட்டிய ரசீதும் என்னிடம் இருக்கின்றன. தயவுசெய்து அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகர் நுகர்வோர் ஒருத்தி